வாய்ப்பேச்சு வாடகையும் மோட்டார் சுவிட்சும்

கும்பகோணத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்களில் எத்தனை பேரிடம் எழுதிய ஒப்பந்தம் இருக்கிறது என்று உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பாருங்கள். கடைக்கு எழுதுவார்கள். பழைய ஓட்டு வீட்டைத் தடுத்துப் போட்ட போர்ஷன்களிலும், மாடியில் எடுத்த சின்ன வீடுகளிலும் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். "நமக்குள்ள எதுக்கும்மா பத்திரமெல்லாம்" என்பார் வீட்டு ஓனர். நாமும் சரி என்று அட்வான்ஸைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் பால் காய்ச்ச நாள் பார்க்கப் போய்விடுவோம். மயிலாடுதுறையிலும் மன்னார்குடியிலும் இருக்கும் என் சொந்தக்காரர்கள் சொல்வதும் இதையேதான்.

இந்தப் பழக்கம் போக வேண்டும். வாய்ப்பேச்சில் நடக்கும் வாடகையில் பாதுகாப்பு ஒருவருக்குத்தான், அது குடியிருப்பவருக்கு இல்லை.

நாங்கள் முன்பு இருந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். திண்ணை, ரேழி, முற்றம் எல்லாம் ஓனர் பக்கம். கூடத்தில் பலகை அடித்துத் தடுத்து, அதற்குப் பின்னால் கொல்லை வரைக்கும் எங்களுக்கு. வாடகை ஒரு மாதமும் தள்ளிப் போனதில்லை. ஓர் ஆடி மாதம் திடீரென்று ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டார். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். என் கணவர் ஐந்நூறு கூட்டித் தருகிறோம் என்றார். ஓனர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையிலிருந்து எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் வரவில்லை.

மோட்டார் சுவிட்ச் அவர்கள் ரேழியில், சாமி படத்துக்குக் கீழே இருந்தது. அதுவரை காலையில் போடுவார்கள், எங்கள் தொட்டியும் நிறைந்துவிடும். இப்போது போய்க் கேட்டால், "காயில் போயிடுச்சு, ஆள் வரணும்." ஆனால் அவர்கள் பக்கத்துக் குழாயில் குடம் நிறைகிற சத்தம் பலகைக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். என் மாமியார் முட்டிவலியோடு கொல்லைக் கிணற்றில் இறைத்துக் குளித்தார். அந்த வயதில் அவரை அப்படி நிற்க வைத்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

காலி செய்யும்போது அட்வான்ஸில் வெள்ளையடிக்கப் பிடித்தார்கள். குரங்கு உடைத்த ஓடுகளுக்கும் பிடித்தார்கள். கரண்டுக்கு யூனிட் பத்து ரூபாய் என்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் இலவசமாகத் தருகிறதே, அதில் எங்கள் பங்கு எங்கே போனது என்று கேட்க எங்களிடம் எந்தக் காகிதமும் இல்லை.

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்தான் அந்த அதிகாரி. வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்தால் ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் அதே அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

ஆனால் எல்லோரும் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, காலி செய்யச் சொல்லி ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். பத்திரம் வேண்டாம் என்று சொன்னவரே, பத்திரம் இல்லை என்று நம்மை வெளியேற்ற வழி இருக்கிறது! அதனால் "அவர் நல்ல மனுஷர், எழுத்து எதற்கு" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்குப் பிறகு வீடு யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஓனர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. எழுதிக் கொடுத்தால் குடியிருப்பவன் உரிமை கொண்டாடுவான் என்ற பயம் நம் பக்கத்தில் தலைமுறையாக இருக்கிறது, அதற்கு நிலத்தில்தான் வேர். வாரத்துக்கும் (விளைச்சலில் பங்கு) குத்தகைக்கும் உழுதவர்களை நினைத்த நேரத்தில் வெளியேற்றிய மண் இது. அதைத் தடுக்கத்தான் 1952-இல் தஞ்சாவூருக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969-இல் ஒரு சட்டம், குடியிருப்பு மனையை அதில் இருந்தவர்களுக்கே சொந்தமாக்க 1971-இல் இன்னொன்று. வயலில் உழுதவனுக்கு எழுத்து வேண்டும் என்று போராடி வாங்கிய மாவட்டத்தில், வீட்டில் குடியிருப்பவன் மட்டும் வாய்வார்த்தையை நம்பி இருக்க வேண்டும் என்பது எனக்குச் சம்மதமில்லை. அதோடு இந்தப் புதுச் சட்டத்தில் வீட்டை யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் காலி செய்ய வைக்க ஓனருக்கும் வழி இருக்கிறது. வாடகையை மட்டுமே நம்பிச் சாப்பிடுகிற வயதானவர்கள் நம் அக்ரஹாரங்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் காகிதம் வேண்டும்.

எழுத்தால் தீராததும் உண்டு. "நீங்க என்ன ஆளுங்க?" என்று வாசலிலேயே கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்களே, அதை எந்த ஒப்பந்தமும் தடுக்காது. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு, வாடகை பேசி முடித்த பிறகு இந்தக் கேள்வியால் வீடு இல்லாமல் போனது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

இப்போது இருக்கும் வீட்டில் நான் கேட்டே எழுத வைத்தேன். மோட்டார் தினமும் எத்தனை மணிக்குப் போட வேண்டும், ஓடு மாற்றும் செலவு யாருடையது, கரண்டுக்கு என்ன கணக்கு, எல்லாம் அதில் இருக்கிறது. குடிபோகும் அன்றே சுவரையும் மேல்கூரையையும் செல்போனில் படம் எடுத்து ஓனருக்கும் அனுப்பினேன். முதலில் அந்தம்மாவுக்குக் கொஞ்சம் முகம் வாடியது. பிறகு, "இதே மாதிரி கீழ் வீட்டுக்காரங்களுக்கும் எழுதணும், நீயே எழுதிக் கொடு" என்றார்.

இந்தப் பதிவைப் படிக்கிற நீங்கள் இப்போதும் ரொக்கமாகக் கொடுத்து, ரசீது வாங்காமல் இருந்தால், அடுத்த மாதத்திலிருந்தாவது வங்கி வழியாக அனுப்புங்கள், எந்த மாத வாடகை என்று குறிப்பும் போடுங்கள். ஒப்பந்தத்தை tenancy.tn.gov.in தளத்தில் பதியலாம். கும்பகோணத்தில் யாருக்காவது அந்த விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாவிட்டால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.