12க்கு 11

பிலிப்பைன்ஸைப் பற்றி இங்கே நம் ஆட்கள் சண்டை போடும்போதெல்லாம் எனக்கு ஒரு போசன், அதாவது கப்பலின் மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி, ஞாபகத்துக்கு வருவார். ஒரு கூட்டம் "அது அமெரிக்காவின் எடுபிடி நாடு" என்கிறது. இன்னொரு கூட்டம் "அமெரிக்கா இல்லையென்றால் சீனா என்றைக்கோ விழுங்கியிருக்கும்" என்கிறது. இரண்டு கூட்டத்திலும் ஒரு பிலிப்பினோவோடு உட்கார்ந்து சோறு தின்றவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். நான் தின்றிருக்கிறேன். பதினெட்டு வருடம் கப்பல்களின் என்ஜின் அறையில் ஓட்டினேன். கம்பெனி மாறியது, கப்பலின் கொடி மாறியது. மெஸ்ஸில் எதிரே தட்டோடு உட்காருகிறவர் மட்டும் பெரும்பாலும் பிலிப்பினோதான். மூன்று வேளையும் சோறு வேண்டும் என்பதில் அவர்களுக்கும் எனக்கும் ஒரு நாளும் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

போசன் சம்பாலெஸ் மாகாணத்துக்காரர். லூசோன் தீவின் மேற்குக் கரை. அவருடைய அண்ணன் இன்னும் கடலுக்குப் போகிறவர். 2023 செப்டம்பரில் ஸ்கார்பரோ திட்டின் வாசலில் சீனக் கடலோரக் காவல்படை சுமார் 300 மீட்டருக்கு மிதவைக் கயிறு கட்டியது. பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படைக்காரர் ஒருவர் தண்ணீருக்குள் இறங்கி, கத்தியால் அந்தக் கயிற்றை அறுத்தார். அந்த வீடியோ மெஸ்ஸில் ஓடியபோது கேடட்டிலிருந்து சமையல்காரர் வரை எல்லோரும் கைதட்டினார்கள். போசன் தட்டவில்லை. ஃபோனை வாங்கி, அந்த இடத்தை மட்டும் மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தார்.

"அந்தக் கயிற்றுக்கு உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா செகண்ட்?" என்று கேட்டார். செகண்ட் என்ஜினியர் என்பதால் கப்பலில் என்னை 'செகண்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். மீன்தானே என்றேன். "மீன் வெளியிலும் கிடைக்கும். புயல் வந்தால் உள்ளேதான் ஒதுங்க முடியும்."

நான் தூத்துக்குடிக்காரன். கடலுக்குள் கிடக்கும் பாறைத் திட்டை நாங்கள் 'பார்' என்போம். ஸ்கார்பரோவும் நடுக்கடலில் அப்படி ஒரு பார், நடுவே குளம்போல அமைதியான தண்ணீர், உள்ளே போக ஒரு வாசல். லூசோன் கரையிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர். காற்று எழும்பினால் படகை உள்ளே கொண்டுபோய் நங்கூரம் போட்டுவிட்டு, சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கலாம். 2012இல் இருந்து அந்த வாசலில் சீனக் கப்பல் நிற்கிறது. சம்பாலெஸ் படகுகள் வெளியே மூங்கிலும் தென்னை ஓலையும் கட்டிய 'பயாவோ' மிதவைகளைப் போட்டு, அதன் நிழலுக்கு வரும் மீனைப் பிடித்துக்கொண்டு திரும்புகின்றன. காற்று வந்தால் ஒதுங்க இடமில்லை, டீசலை எரித்துக்கொண்டு கரைக்கு ஓட வேண்டியதுதான். வல்லரசுப் போட்டி என்று நாம் கட்டுரையில் படிப்பது அவர் அண்ணனுக்கு டீசல் கணக்கு.

"அப்போ அமெரிக்காக்காரன் திரும்பி வருவதில் உங்களுக்குச் சந்தோஷம்தானே?" என்று கேட்டேன். அந்த 2023இல்தான் அமெரிக்கப் படைகள் வந்து தங்கிப் போக இன்னும் நான்கு இடங்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். அமெரிக்கரை அவர்கள் 'கானோ' என்பார்கள். "கானோ வரட்டும். ஆனால் வீட்டுச் சாவி அவனிடம் இருக்கக் கூடாது" என்றார்.

அவர் சொன்ன சாவி என்ன என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அடுத்த கான்ட்ராக்டில் ஒலொங்கபோக்காரர் ஒரு ஆயிலர் (என்ஜினுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிறவர்) இருந்தார். சுபிக் கடற்படைத் தளத்தின் வாசலில் உள்ள ஊர் அது. பக்கத்திலேயே கிளார்க் விமானத் தளம். 1947 ஒப்பந்தப்படி இந்தத் தளங்கள் அமெரிக்காவுக்கு 99 வருடக் குத்தகை. தங்கள் காலனியாக இருந்த நாட்டுக்கு 1946இல் சுதந்திரம் கொடுத்துவிட்டு அடுத்த வருடமே 99 வருடத்துக்கு எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டவர்களின் பேரன்கூட முடிவைப் பார்த்திருக்க மாட்டான். 1966இல் அதைத் திருத்தி, காலக்கெடுவை 1991 என்று குறைத்தார்கள்.

ஒலொங்கபோவைப் பற்றிப் பேசினால் எல்லோரும் மதுக்கடை விளக்குகளையும் அங்கே வேலை செய்த பெண்களையும் பற்றித்தான் பேசுவார்கள். அந்த ஆயிலருக்கு அது பிடிக்காது. அவருடைய அப்பா தளத்துக்குள்ளே வெல்டர், நல்ல சம்பளம், வீட்டில் மாதத்துக்கு ஒரு முறை ஆப்பிள். அதையும் சொல்லுவார். அதே தெருவில் அப்பா பெயர் தெரியாமல் வளர்ந்த, தலைமுடி செம்பட்டையான சிநேகிதர்களையும் சொல்லுவார். அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஆசியாவில் பிறந்த குழந்தைகளை ஏற்றுக்கொள்ள 1982இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வியட்நாம், கொரியா, தாய்லாந்தெல்லாம் அதில் உண்டு. பிலிப்பைன்ஸ் இல்லை.

அப்புறம் 1991. ஜூன் 15 அன்று பினாடுபோ எரிமலை வெடித்து கிளார்க் தளம் சாம்பலில் புதைந்தது. அமெரிக்கர்கள் அதைக் கைகழுவினார்கள். சுபிக்கை மட்டும் இன்னும் பத்து வருடம் வைத்துக்கொள்ளப் புது ஒப்பந்தம் எழுதினார்கள். அதிபர் கொரசோன் அகினோ ஒப்பந்தத்துக்கு ஆதரவாகத் தானே ஊர்வலம் போனார். சர்வாதிகாரியை விரட்டியவர், மக்களின் செல்லப்பிள்ளை. அவருடைய அரசியல் கூட்டாளியாக இருந்த சலோங்காதான் செனட் தலைவர். செப்டம்பர் 16 அன்று வாக்கெடுப்பு. ஒப்பந்தம் வேண்டாம் என்று 12 பேர், வேண்டும் என்று 11 பேர். 1992 நவம்பரில் கடைசிக் கப்பல் சுபிக்கை விட்டுப் போனது.

அந்த 12 பேர் செய்தது சரி என்பதுதான் என் கட்சி. "சரி, 1995இல் என்ன ஆனது?" என்று கேட்பீர்கள். தெரியும். 1995இல் சீனா, பிலிப்பைன்ஸ் தன்னுடையது என்று சொல்லும் மிஸ்சீஃப் திட்டில் கொட்டகை போட்டது, இன்று அது ஓடுதளமுள்ள செயற்கைத் தீவு. தளத்தை மூடியதால்தான் இது நடந்தது என்று பிலிப்பைன்ஸிலேயே பலர் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 2012இல் ஸ்கார்பரோ போனபோது அமெரிக்காவோடு போட்ட 1951இன் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் உயிரோடு இருந்தது. அமெரிக்கப் படைகள் வந்துபோகும் ஒப்பந்தமும் இருந்தது. அமெரிக்கா நடுவில் நின்று சமாதானமும் பேசியது. பிலிப்பைன்ஸ் கப்பல்கள் திரும்பி வந்தன, சீனக் கப்பல்கள் அங்கேயே நின்றுவிட்டன. காவல்காரன் தெருவிலேயே நின்றிருந்தான், கன்று போய்விட்டது.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். 1987 அரசியல் சட்டத்தில் அவர்கள் தெளிவாக எழுதிவைத்தார்கள்: 1991க்குப் பிறகு செனட் சம்மதித்த உடன்படிக்கை இல்லாமல் அந்நியத் தளமோ படையோ இருக்கக் கூடாது. ஆனால் 2014இல் போட்ட ஒப்பந்தத்தை 'அரசுகளுக்கிடையே நிர்வாக ஏற்பாடு' என்று பெயர் வைத்து செனட்டுக்கே அனுப்பவில்லை. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. முதலில் ஐந்து இடம், 2023இல் நான்கு, ஆக ஒன்பது. காகிதத்தில் இவை எல்லாம் பிலிப்பைன்ஸ் முகாம்கள்தான், அமெரிக்கர்கள் 'விருந்தாளிகள்'. பெட்டியை மட்டும் வருடக்கணக்கில் வைத்துவிட்டுப் போகும் விருந்தாளி.

விருந்தாளி தப்புச் செய்தால் யார் பூட்டுவது? இதில்தான் அவர்களுக்கு வயிறு எரிகிறது. 2005இல் சுபிக்கில் ஒரு பெண் தொடுத்த வன்புணர்வு வழக்கில், அடுத்த வருடம் மணிலாப் பகுதி நீதிமன்றம் ஒரு அமெரிக்க மரைனுக்கு (கடற்படைக் காலாள் வீரருக்கு) தண்டனை கொடுத்தது. அந்த 2006 டிசம்பரிலேயே இரவோடு இரவாக அவரை உள்ளூர் சிறையிலிருந்து அமெரிக்கத் தூதரகத்துக்கு மாற்றிவிட்டார்கள். 2009இல் மேல்முறையீட்டில் விடுதலை. 2014இல் ஒலொங்கபோவில் ஒரு திருநங்கை கொல்லப்பட்டார். தண்டனை பெற்ற மரைன் சாதாரணச் சிறைக்கே போகவில்லை, ராணுவ முகாமுக்குள் தனி அறை. 2020இல் மன்னித்து அனுப்பியவர் யார்? அமெரிக்காவைத் திட்டியே அரசியல் செய்த அப்போதைய அதிபர் டுட்டர்தே. 2013இல் துப்பத்தஹா பவளப் பாரில் அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் ஏறி உட்கார்ந்தது. எச்சரித்த பூங்காக் காவலர்களிடம் 'புகாரைத் தூதரகத்தில் சொல்லுங்கள்' என்று கப்பலிலிருந்து பதில் வந்ததாகச் செய்தி. இதைச் சொல்லும்போது என் ஆயிலர் அந்தக் கேப்டனின் குரலில் பேசிக்காட்டுவார். மெஸ்ஸே சிரிக்கும். சிரித்து முடித்ததும் ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள்.

ஆனால் இதே ஆட்கள் அமெரிக்காவை வெறுப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும். பியூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் கணிப்பில் 2013இல் 85 விழுக்காடு பிலிப்பினோக்கள் அமெரிக்காவைப் பற்றி நல்ல அபிப்பிராயம் சொன்னார்கள். அந்த அளவுக்கு அமெரிக்காவிலேயே வருமா என்று தெரியாது. ஜப்பானியர்களை விரட்டிய கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. 1945இல் மணிலாவை மீட்ட ஒரு மாதச் சண்டையில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். ஜப்பானியர் வெட்டியும் செத்தார்கள், அமெரிக்கப் பீரங்கிக் குண்டிலும் செத்தார்கள். அத்தையும் மாமாவும் அமெரிக்காவில் இருப்பார்கள். கிறிஸ்துமஸுக்குப் பெரிய அட்டைப்பெட்டியில் சோப்பும் சாக்லேட்டும் வரும். நன்றிக்கடனுக்கு அவர்கள் மொழியில் 'உதாங் நா லோஓப்' என்று ஒரு சொல் உண்டு. கிட்டத்தட்ட நம் செய்ந்நன்றிதான். அதில் ஒரு சிக்கல், கடன்பட்டவன் மட்டும்தான் ஞாபகம் வைத்திருப்பான். அமெரிக்கக் கொடியின் கீழ் சண்டை போட்ட இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோ வீரர்களில் பெரும்பாலானவர்களுடைய சலுகைகளை 1946இல் ஒரு சட்டம் போட்டு வெட்டினார்கள். 2009இல்தான், உயிரோடு மிஞ்சிய கிழவர்களுக்கு ஒரு தடவைத் தொகை கிடைத்தது: அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவருக்கு 15,000 டாலர், வாங்காதவருக்கு 9,000. ஒரே பதுங்குகுழி, இரண்டு விலை.

சீனாவின் பக்கம் சாய்ந்துவிடலாம் என்று டுட்டர்தே முயன்று பார்த்தார். 2016 அக்டோபரில் பெய்ஜிங்கில் நின்றுகொண்டே 'அமெரிக்காவோடு பிரிவு' என்றார். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூலை 12 அன்று, ஹேக் நடுவர் மன்றம் தென்சீனக் கடல் வழக்கில் பிலிப்பைன்ஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. சீனா அதைக் குப்பைக் காகிதம் என்றது. டுட்டர்தேவும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவருக்கே உயிரைக் கொடுக்கும் ஆட்கள்கூட, சீனா விஷயத்தில் மட்டும் அவர் பின்னால் போகவில்லை. என் கேடட் ஒருவன் டுட்டர்தே படம் போட்ட டிஷர்ட்டைப் போட்டுக்கொண்டே சீனாவைத் திட்டுவான். கேட்டால் 'அது வேறு, இது வேறு செகண்ட்' என்பான்.

ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன், நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. பிரிட்டனும் ஸ்பெயினும் சண்டை போட்ட 1762இல், மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பல்கள் கிளம்பிய துறைமுகம் எது? நம் மதராஸ். சிப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்டோபரில் மணிலா விழுந்தது, 1764இல் பிரிட்டிஷார் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். சிப்பாய்களில் சிலர் கப்பல் ஏறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைன்டா என்ற ஊரில் தங்கி, உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். வல்லரசுச் சண்டைக்காகப் போய் இறங்கிய அந்நியப் படை என்று பட்டியல் போட்டால் நம் ஊர்த் துறைமுகத்தின் பெயரும் அதில் வரும்.

இப்போதைய பயம் தைவான். புதிய நான்கு இடங்களில் மூன்று வடக்கு லூசோனில், தைவானைப் பார்த்தபடி இருக்கின்றன. இரண்டு ககாயான் மாகாணத்தில். அப்போதைய ககாயான் ஆளுநர் வெளிப்படையாகவே வேண்டாம் என்றார். 2024 ஏப்ரலில் அமெரிக்கா டைஃபன் ஏவுகணை அமைப்பைப் பயிற்சிக்கென்று வட லூசோனில் கொண்டுவந்து இறக்கியது. பயிற்சி முடிந்தும் அது திரும்பவில்லை. ஏவுகணை இருக்கும் இடத்துக்குத்தானே முதல் குண்டு வரும் என்று கேட்கிறவரைச் சீனாவின் ஆள் என்று சொல்லிவிட முடியாது. தைவானில் வேலை பார்க்கும் பிலிப்பினோக்கள் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேர். சண்டை வந்தால் அவர்களை எந்தக் கப்பல் ஏற்றிக்கொண்டு வரும் என்று மெஸ்ஸில் ஒருவன் கேட்டான். கப்பல்காரர்கள் பத்துப் பேர் இருந்தோம், ஒருவரிடமும் பதில் இல்லை.

2024 ஜூன் 17 அன்று இரண்டாம் தாமஸ் திட்டில் நடந்ததையும் மறக்க முடியவில்லை. அங்கே 1944இல் அமெரிக்கா கட்டிய ஒரு பழைய போர்க்கப்பலை 1999இல் வேண்டுமென்றே தரைதட்ட வைத்து, துருப்பிடித்த அந்த இரும்புக்குள் பிலிப்பைன்ஸ் மரைன்களைக் குடிவைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன ரப்பர் படகுகளைச் சீனர்கள் கோடாரியும் கத்தியுமாக வந்து மறித்தார்கள். ஒரு பிலிப்பினோ கடற்படைவீரரின் கட்டைவிரல் போயிற்று. தங்கள் குடிமகன் ஒருவன் வேண்டுமென்றே கொல்லப்பட்டால் அது கிட்டத்தட்டப் போர்தான் என்று இரண்டு வாரம் முன்புதான் அதிபர் மார்கோஸ் ஜூனியர் பேசியிருந்தார். விரல்தானே போனது, உயிர் இல்லையே. 1951 ஒப்பந்தத்தை யாரும் எடுக்கவில்லை. எடுக்காதது நல்லதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த விரலுக்குரியவர் என்ன நினைத்தார் என்று தெரியாது.

போசன் இப்போது ஓய்வில் இருக்கிறார், அவ்வப்போது மெசேஜ் போடுவார். 2024இல் இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை முதல் தவணை பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்த அன்று குரல் பதிவு ஒன்று அனுப்பினார். பின்னால் சேவல் கூவுகிற சத்தம்.

"செகண்ட், உங்கள் ஊர் ஏவுகணையை எங்கள் சம்பாலெஸ் பக்கம்தான் வைக்கப்போகிறார்களாம். ஏவுகணையோடு உங்கள் ஆட்களும் வந்து தங்குவார்களா?"

இல்லை போசன், விலைக்கு வாங்கியது, சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்று பதில் போட்டேன்.

"அப்போ சரி" என்று எழுதிவிட்டு, சேவல் படம் ஒன்றும் அனுப்பினார்.