சென்ட்ஓஎஸ் போனாலும் இலவச வழி இருக்கிறது

"சென்ட்ஓஎஸ் முடிந்துவிட்டது, இனி ரெட் ஹாட்டுக்குக் காசு கட்டினால்தான் சர்வர் ஓட்ட முடியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சென்ட்ஓஎஸ் என்பது ரெட் ஹாட் நிறுவனத்தின் கட்டண லினக்ஸை ஒட்டி இலவசமாகக் கிடைத்த சர்வர் இயங்குதளம். முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தவறு.

சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை அப்டேட் வரும் என்றிருந்ததை 2021 டிசம்பரோடு நிறுத்தினார்கள். அதனால் பயனர்களுக்கு வந்த கோபம் நியாயம்தான். ஆனால் அதே 2021-லேயே ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்துவிட்டன. இரண்டும் சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றாக வந்த இலவச லினக்ஸ்கள். இரண்டிலும் 9-ஆம் பதிப்புக்கு 2032 மே வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. ராக்கியைத் தொடங்கிய கிரெகரி கர்ட்சர், சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். சிபேனல் (சர்வரை பிரவுசரிலேயே நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுப் பலகை) வேண்டுமென்றால் ஆல்மாவே போதும்.

பேனல் எதுவும் இல்லாமல் ரெண்டு மூணு வேர்ட்பிரஸ் தளம் மட்டும்தான் என்றால் என் ஓட்டு டெபியன் என்ற இன்னொரு இலவச லினக்ஸுக்கு. 512 எம்பி ரேம் உள்ள மலிவு விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஆல்மா, ராக்கியின் அப்டேட் கருவியான டிஎன்எஃப் ஓடும்போது மெமரி போதாமல் பாதியில் செத்துப்போகலாம். டெபியனின் கருவியான ஏபிடி அவ்வளவு கேட்காது. டெபியன் 12-க்கு எல்டிஎஸ் எனும் நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் 2028 ஜூன் வரை கவலை இல்லை.

இன்னமும் சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பவர்கள் முதலில் பேக்கப் எடுங்கள். அதற்கு 2024 ஜூன் 30-க்குப் பிறகு அப்டேட் கிடையாது. பழசை மேம்படுத்திக்கொண்டு மல்லுக்கட்டுவதைவிடப் புது சர்வர் எடுத்துத் தளங்களை மாற்றுவது சுலபம்.