சிஆர்பி நார்மல் என்றால் நீரை விட்டுவிடலாமா?

எல்லாக் குடும்பக் குரூப்பிலும் சுற்றுகிற அந்த ஆடியோவைப் பற்றித்தான். நெஞ்சில் நீர் கோத்திருந்தால் முதுகில் ஊசி குத்தி அதை எடுக்க விடாதீர்களாம், சிஆர்பி, ஈஎஸ்ஆர் என்கிற ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தாலே என்ன நோய் என்று தெரிந்துவிடுமாம். தெரியாது. எத்தனை பேர் வந்து கேட்டாலும் என் பதில் இதுதான், தெரியாது.

சிஆர்பி என்பது உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் சுரக்கிற புரதம். பல்லில் சீழ் பிடித்தாலும் ஏறும், மூட்டுவாதத்திலும் ஏறும். ஈஎஸ்ஆர் ரத்தசோகைக்கும் கூடும், வயதானாலும் கூடும். நுரையீரலைச் சுற்றி நீர் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயும் ஸ்கேனும் காட்டும். அது ஏன் வந்தது என்பதை அந்த நீரைத்தான் கேட்க வேண்டும். அதன் புரதமும் எல்டிஹெச் என்கிற நொதியும் ரத்தத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று பார்த்து நீரின் வகையைப் பிரிக்கும் அளவுகோலை ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1972-லேயே கொடுத்துவிட்டார். நீரில் ஏடிஏ என்கிற இன்னொரு நொதி 40-க்கு மேல், லிம்போசைட் என்கிற வெள்ளையணுவும் அதிகம் என்றால் நம் நாட்டில் முதல் சந்தேகம் காசநோய். நிமோனியாவோடு வந்த நீரில் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 7.2-க்குக் கீழே இறங்கினால் ட்யூப் போட்டு வடிக்க வேண்டும். இதில் எதை ரத்தத்தில் பார்க்கும் சிஆர்பி சொல்லும்?

என் சித்தப்பாவுக்கு நடந்தது இது. சாயங்காலமானால் காய்ச்சல், எக்ஸ்ரேயில் வலது பக்கம் நீர். சிஆர்பி கூடுதல், அதனால் நிமோனியா என்று அவர் ஊரில் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சிஆர்பி கொஞ்சம் இறங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நீர் மட்டும் இறங்கவில்லை. என்னிடம் வந்தபோது இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்காரச் சொன்னோம். அல்ட்ராசவுண்டில் இடம் குறித்து, மரத்துப்போக மருந்து போட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியை இறக்கினோம். கீழ் விளிம்பில் ரத்தக்குழாய் ஓடும். வைக்கோல் நிறத்தில் நீர் வந்தது. காசநோய். ஆறு மாத மாத்திரை, அதுவும் இலவசம். "இதுக்காடா இவ்வளவு நாள் பயந்தேன்?" என்றார்.

அப்போ சிஆர்பி வீணா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவே இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க நானும் எழுதித்தான் கொடுக்கிறேன். எல்லோருக்கும் ஊசியா? இல்லை. இருதயம் பலவீனமாகி இரண்டு பக்கமும் நீர் கோத்தவருக்கு முதலில் நீர் பிரிய மாத்திரைதான். ஊசியில் ஆபத்தே இல்லையா? கொஞ்சம் உண்டு, காற்று புகுந்து நுரையீரல் சுருங்கலாம். அதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறோம்.

ஆனால் "காசுக்காகக் குத்துகிறார்கள்" என்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் வேலை பார்ப்பது அரசு மருத்துவமனையில். நீர் எடுத்தால் எனக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வராது. 2020 மார்ச்சில் எங்களுக்காகக் கை தட்டியவர்கள்தானே நீங்கள்? இப்போது யாரென்றே தெரியாத ஒரு குரலை நம்புகிறீர்கள், எதிரில் நிற்கிற என்னை நம்ப மாட்டீர்களா?

நேற்று ஒரு அம்மா வந்தார். ஒரு பக்கம் மட்டும் நீர், ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குகிறது, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. சிஆர்பி நார்மல். புற்றுநோய் நீராக இருந்தாலும் அது நார்மலாக இருக்கலாம், அதனால்தான் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவருடைய மகன் பதில் பேசவில்லை. போனை எடுத்து அந்த ஆடியோவை என் முன்னாலேயே ஓடவிட்டார். அப்புறம் ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவைக் கூட்டிப் போய்விட்டார்.

அந்தக் குரூப்பில் நீங்களும் இருந்தால், அந்த ஆடியோவுக்குக் கீழே இதைப் போடுங்கள். யாராவது சண்டைக்கு வந்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். அந்த மகன் இதைப் படித்தால், தம்பி, அம்மாவைத் திரும்பக் கூட்டி வாருங்கள். நான் எதுவும் கேட்க மாட்டேன்.