ஒரு ரிக்‌ஷா, 96 யுவான்

சில நாவல்களை முடித்ததும் அழுகை வரும். சிலவற்றுக்குத் தூக்கம் வரும். லாவோ ஷே எழுதிய ‘ஒட்டகம் சியாங்ஸி’ என்ற சீன நாவலை முடித்ததும் நான் பென்சிலைத் தேடினேன். பின்அட்டையின் உள்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று எழுத ஆரம்பித்தேன். ஆடிட்டர் ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக ஊரார் கணக்கைப் பார்த்துப் பிழைக்கிறவன், கை சும்மா இருக்காது. ஆனால் இந்த நாவலுக்குப் பென்சில் எடுக்க அது மட்டும் காரணமில்லை. கதாசிரியரே பக்கத்துக்குப் பக்கம் காசை எண்ணிக்கொண்டேதான் கதை சொல்கிறார்.

கதையை முழுசாகச் சொல்லப்போகிறேன். 1936இல் ஒரு பத்திரிகையில் தொடராக வர ஆரம்பித்த கதை இது. சஸ்பென்ஸை உடைத்துவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

சியாங்ஸி கிராமத்துப் பையன். அப்பா அம்மா இல்லை, இருந்த கொஞ்சம் நிலமும் போய்விட்டது. 18 வயதில் பெய்பிங் வருகிறான். இன்றைய பெய்ஜிங்தான் அது. 1928இல் தலைநகரை நான்ஜிங்குக்குக் கொண்டுபோனபோது ஊர்ப் பெயரையும் மாற்றியிருந்தார்கள். அங்கே கை ரிக்‌ஷா இழுக்கிறான். (நம் ஊரில் கை ரிக்‌ஷாவை 1973இல் ஒழித்தாயிற்று. ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள் பழைய படங்களில் பார்த்திருந்தால்தான் உண்டு.) வண்டி சொந்தமில்லை. ரிக்‌ஷா கொட்டகை முதலாளியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்ட வேண்டும். சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சாயங்காலம் வாடகையைக் கட்டியாக வேண்டும். அதனால் அவனுக்கு ஒரே ஆசை, சொந்த வண்டி. புது வண்டி 100 யுவான். நாளைக்குப் பத்து காசு மிச்சம் பிடித்தால் ஆயிரம் நாள். ஆயிரம் நாளை மனசுக்குள் அடுக்கிப் பார்க்கிறான், அது எவ்வளவு தூரம் என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை.

மூன்று வருஷம் ஆகிறது. வாயையும் வயிற்றையும் கட்டிச் சேர்த்து, பேரம் பேசி, 96 யுவானுக்கு வாங்கிவிடுகிறான். வயது 22. பிறந்த தேதி அவனுக்குத் தெரியாது. ஊருக்கு வந்ததிலிருந்து பிறந்தநாள் என்று ஒன்றைக் கண்டதில்லை. சரி, இன்றைக்கே வைத்துக்கொள்வோம், எனக்கும் வண்டிக்கும் சேர்த்து ஒரே பிறந்தநாள் என்று முடிவுசெய்கிறான். இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் என்ன, செலவுப் பக்கம்.

ஊரைச் சுற்றிப் போர் வதந்தி. 2 யுவான் கூலிக்கு ஆசைப்பட்டு நகர வாசலைத் தாண்டிச் சவாரி போகிறான். பட்டாளத்தான்கள் ஆளையும் வண்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு ராத்திரி தப்பிக்கிறான், வரும்போது அவர்கள் விட்டுப்போன மூன்று ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வருகிறான். வழியில் ஒரு கிழவரிடம் 35 யுவானுக்கு விற்கிறான். ‘ஒட்டகம்’ என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். 96 போய் 35 வந்திருக்கிறது.

மறுபடி சேர்க்கிறான். ட்சாவ் என்ற நல்ல மனிதர் வீட்டில் மாதச் சம்பளத்துக்கு வண்டி இழுக்கும் வேலை. அந்த வீட்டில் காவ் மா என்று ஒரு வேலைக்காரி இருக்கிறாள், விதவை. எனக்கு இந்த நாவலிலேயே ரொம்பப் பிடித்த ஆள் அவள்தான். கையில் இருக்கிற சில்லறையை வட்டிக்கு விடுகிறவள், எவனிடம் எப்படி வசூலிக்க வேண்டும் என்று தெரிந்தவள். அவள் சியாங்ஸியிடம் சொல்கிறாள்: காசைச் சும்மா வைத்திருக்காதே, வட்டிக்கு விடு. மாட்டேன் என்கிறான். சரி, ஒரு சீட்டு ஆரம்பி, இருபது பேரைச் சேர், ஆளுக்கு மாதம் 2 யுவான், முதல் சீட்டை நீ எடுத்துக்கொள், ஒரே நாளில் 40 யுவான் கையில் நிற்கும் என்கிறாள்.

நம் தெருக்களில் சீட்டு பிடிக்கிற அக்காக்கள் இதைத்தானே சொல்வார்கள்! பெய்பிங் சந்து ஒன்றில் அதே கணக்கு, அதே முதல் சீட்டு. படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன்.

சியாங்ஸி அதற்கும் மாட்டேன் என்கிறான். போஸ்ட் ஆபீஸில் போடு என்று இன்னொரு வீட்டு அம்மா சொல்கிறாள். பளபளவென்று வெள்ளிக் காசைக் கொடுத்தால் ஒரு சின்னப் புத்தகத்தில் நாலு கோடு கிறுக்கித் தருவார்களாம், அவன் ஏமாறத் தயாரில்லை. சுரைக்காய் மாதிரி இருக்கிற ஒரு மண் உண்டியலை வாங்கி அதில் போடுகிறான். கண்ணுக்கு எதிரே இருக்கிறது, குலுக்கினால் சத்தம் கேட்கிறது.

‘அந்த முட்டாள் மட்டும் போஸ்ட் ஆபீஸில் போட்டிருந்தால்’ என்று நினைக்காமல் இந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாது. நானும் நினைத்தேன். ஆனால் அவன் எதைப் பார்த்து வளர்ந்தான்? கண்ணெதிரே இருந்த வண்டியையே துப்பாக்கிக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இனிமேல் எவனோ எழுதித்தருகிற காகிதத்தை நம்பு என்றால் எப்படி நம்புவான்? பயந்தவன் எடுக்கிற முடிவை அறியாமை என்று தள்ளிவிடுவது நமக்குச் சுலபம். எங்கள் ஆபீஸுக்கு வருகிற சிறு வியாபாரிகள் சிலர் பேங்க் என்றாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள். கேட்டுப் பார்த்தால் ஒவ்வொருவரிடமும் ஒரு பழைய கதை இருக்கும்.

ட்சாவ் புத்தகம் படிக்கிறவர், கொஞ்சம் முற்போக்கான ஆள். அவர்மேல் ஒரு மாணவன் போட்ட புகாரால் துப்பறியும் போலீஸ் வருகிறது. வந்தவன் யார்? முன்பு சியாங்ஸியைப் பிடித்துப்போன பட்டாளத்தில் இருந்த சுன் என்பவன். இப்போது வேறு சட்டை போட்டிருக்கிறான். உன் உயிர் வேண்டுமா, காசு வேண்டுமா என்று கேட்கிறான். ஒட்டகம் விற்றதில் மிஞ்சியதும் அதற்குப் பிறகு சேர்த்ததும் சேர்ந்து உண்டியல் உடைகிறது.

இந்த நாவலைப் பற்றி யார் பேசினாலும் ‘விதி’ என்ற சொல் வந்துவிடுகிறது. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. என் கணக்கில் செலவுப் பக்கத்தில் விதி என்று ஒரு வரிகூட இல்லை. பட்டாளம், போலீஸ், கொட்டகை முதலாளி, டாக்டர், மந்திரவாதி என்று ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆள் நிற்கிறான். கையை நீட்டி எடுத்துக்கொள்கிறான்.

இரண்டாவது வண்டியின் கதை இன்னும் மோசம். கொட்டகை முதலாளி லியுவின் மகள் ஹூநியு. ‘புலிப்பெண்’ என்று பொருள். வயது 37, 38. வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொல்லி அவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவள் பணத்தில் 80 யுவானுக்கு ஒரு வண்டி வாங்குகிறார்கள். கறுப்பு வண்டி, வெள்ளிநிறப் பட்டை போட்டது. ரிக்‌ஷாக்காரர்கள் அதற்கு ‘சின்ன விதவை’ என்று பேர் வைத்திருந்தார்கள். விற்றவன் அதே குடியிருப்பில் இருக்கிற எர் ச்சியாங்ஸி (பேர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆள் வேறு), குடிகாரன். அவனுக்கு அந்த வண்டியை வாங்கக் காசு எங்கிருந்து வந்தது? தன் மகள் சியாவ் ஃபூஸியை ஒரு ராணுவ அதிகாரிக்கு 200 யுவானுக்கு விற்ற பணம். அந்தப் பெண்மேல்தான் பின்னால் சியாங்ஸிக்கு மனசு போகிறது.

ஹூநியுவுக்குப் பிரசவம் சிக்கலாகிறது. டாக்டரைக் கேட்டால், வந்து பார்க்க மட்டும் 10 யுவான், பிரசவம் பார்க்க 20, கஷ்டமான பிரசவம் என்றால் ஆஸ்பத்திரி, அங்கே இன்னும் அதிகம். கையில் இல்லை. தவளைச்சாமி ஆடுகிற ஒரு கிழவி வருகிறாள், மந்திரித்த தாளைக் கொடுக்கிறாள், நிலைமை கைமீறியதும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறாள். தாயும் போய் பிள்ளையும் போயாயிற்று. அடக்கம் செய்ய ‘சின்ன விதவை’யை விற்கிறான். ஒரு மகளை விற்றுவந்த வண்டி ஒரு மனைவியைப் புதைத்துவிட்டுப் போகிறது. இதை ஜர்னல் என்ட்ரியாக எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை.

ஹூநியு விஷயத்தில் லாவோ ஷேயோடு எனக்குச் சண்டை உண்டு. அவளைப் பல் துருத்திய அரக்கி மாதிரி காட்டுகிறார், அவனுடைய ரத்தத்தை உறிஞ்சவே வந்தவள் மாதிரி எழுதுகிறார். ஆனால் அவர் கொடுக்கிற தகவல்களை வைத்தே பார்த்தால், அறுபது வண்டிக்கு மேல் இருக்கிற கொட்டகையை நடத்தியது அவள்தான். அப்பன் தன் வசதிக்காக அவளைக் கட்டிக்கொடுக்காமலே வைத்திருந்தான். சம்பளமில்லாத மேனேஜர். கல்யாணம் ஆனதும் அப்பன் கொட்டகையை விற்றுவிட்டு, பணத்தோடு காணாமல் போகிறான். அவளுக்கு ஒரு காசு இல்லை. சியாங்ஸிக்குக் கிடைத்த அனுதாபத்தில் கால் பங்காவது அவளுக்குக் கொடுத்திருக்கலாம்.

அதற்காக லாவோ ஷேக்கு ஏழ்மை தெரியாது என்று சொல்லிவிட முடியாது. மஞ்சு இனத்தவர், 1899இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். அப்பா காவல்படைச் சிப்பாய். 1900இல் எட்டு நாட்டுப் படைகள் ஊருக்குள் புகுந்தபோது இறந்தார். அம்மா ஊரார் துணி துவைத்து, தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். பிறகு லாவோ ஷே லண்டனில் ஐந்து வருஷம் சீனமொழி கற்பித்தார். திரும்பும்போது கையில் இருந்த காசு சிங்கப்பூர் வரைக்கும்தான் வந்தது, அங்கேயே இறங்கி ஒரு பள்ளிக்கூடத்தில் சில மாதம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டுத்தான் ஊர் போய்ச்சேர்ந்தார். அந்த சிங்கப்பூரை வைத்துச் சிறுவர்களுக்கு ஒரு கதையும் எழுதியிருக்கிறார். அதில் சீன, மலாய், இந்தியக் குழந்தைகள் ஒன்றாக விளையாடுவார்கள்.

பதினெட்டாம் அத்தியாயத்தைத் தனியாகவாவது படியுங்கள். காலையிலிருந்து நெருப்பு வெயில், மத்தியானத்துக்கு மேல் திடீரென்று பேய்மழை. கொஞ்சம் ஒதுங்கி நிற்கலாமா என்று கேட்கிறான் சியாங்ஸி. கூண்டுக்குள் நனையாமல் உட்கார்ந்திருக்கிறவர் காலால் தட்டி, ஓடு என்கிறார். அன்றைக்குப் படுத்தவன் ரொம்ப நாள் எழவில்லை. கம்பெனிக் கணக்கில் இயந்திரத்துக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவோம். இவனிடம் இருந்தது ஒரே இயந்திரம், அவன் உடம்பு. அதன் தேய்மானத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

கடைசியில் சியாவ் ஃபூஸியை ஒரு மலிவான விபசார விடுதியில் தேடிப்போகிறான், அவள் ஏற்கெனவே மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு காசுக்காக ஒருவனைப் போலீசில் காட்டிக்கொடுக்கிறான். கல்யாண ஊர்வலம், சாவு ஊர்வலம் எதுவானாலும் கொடி தூக்கிப் போகிறான். தரையில் கிடக்கும் சிகரெட் துண்டைக் குனிந்து பொறுக்குகிறான். அவ்வளவுதான்.

இந்த முடிவை இரண்டு நாட்டிலும் தாங்க முடியவில்லை. 1945இல் அமெரிக்காவில் ஈவான் கிங் என்பவர் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். சியாங்ஸி காதலியை விடுதியிலிருந்து கையில் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற மாதிரி முடிவையே மாற்றிவிட்டார். சக்கைப்போடு போட்டது. சீனாவில் 1955இல் வந்த பதிப்பில் லாவோ ஷேயே கடைசி அத்தியாயத்தையும், அதற்கு முந்தியதில் பாதியையும் வெட்டினார். புரட்சிக்குப் பிறகு இவ்வளவு இருட்டு கூடாதாம். வெட்டியும் தப்பிக்கவில்லை. 1966 ஆகஸ்டில், கலாசாரப் புரட்சியின் இளைஞர் படையான செங்காவலர்கள் அடித்து அவமானப்படுத்திய மறுநாள் ஒரு ஏரிக்குப் போனார், பிணமாகத்தான் கிடைத்தார்.

வெட்டாத நாவலின் கடைசி வரிகளில் சியாங்ஸியை சுயநலக்காரன், தனிமனிதவாதத்தின் பேய் என்று லாவோ ஷே திட்டுகிறார். தனியாக ஓடினான், அதனால் விழுந்தான் என்கிறார். எனக்கு முழுசாக ஒப்பவில்லை. 1929 அக்டோபர் 22ஆம் தேதி பெய்பிங் ரிக்‌ஷாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்தார்கள், தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறதென்று டிராம் வண்டிகளை அடித்து நொறுக்கினார்கள். பட்டாளம் வந்தது. நூற்றுக்கணக்கானவர்களை ஊரைவிட்டே விரட்டினார்கள். டிராம் திரும்ப ஓடியது.

சரி, யாருமே கொள்ளையடிக்காமல் இருந்திருந்தால்? முதல் வண்டி சியாங்ஸியிடமே இருந்திருந்தால்? பின்அட்டையில் இப்படியும் ஒரு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டு, பத்தாம் அத்தியாயம் ஞாபகம் வந்ததும் நிறுத்திவிட்டேன். உறைபனி ராத்திரி, ஒரு டீக்கடை. ஒரு கிழவர் உள்ளே வந்து பசியில் சுருண்டு விழுகிறார். ரிக்‌ஷாக்காரர்தான். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்புகிறார்கள். சியாங்ஸி ஓடிப்போய் பத்து ஆட்டுக்கறி பன் வாங்கிவந்து, அவருக்கும் பேரனுக்கும் கொடுக்கிறான். பையனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுதான் இருக்கும். அப்புறம்தான் தெரிகிறது, கிழவர் இழுப்பது சொந்த வண்டி.

சியாங்ஸி அவர்கள் பின்னாலேயே வெளியே வந்து அந்த வண்டியைப் பார்க்கிறான். பலகையில் பெயின்ட் வெடித்திருக்கிறது. கைப்பிடி தேய்ந்து மரத்தின் ரேகை தெரிகிறது. கூண்டைத் தாங்கும் கம்பு சணல்கயிற்றால் கட்டியிருக்கிறது. பையன் காதை மூடிய குல்லாவுக்குள்ளிருந்து ஒரே ஒரு தீக்குச்சியை எடுத்து, செருப்பின் அடியில் உரசி, இரண்டு கறுத்த கையாலும் பொத்திப் பிடித்து, கடகடவென்று ஆடுகிற அந்த உடைந்த விளக்கை ஏற்றுகிறான்.