மொழிபெயர்ப்பு யாருடைய சேர்வரில் இருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் விடுதியோ, பழைய மாணவர் சங்கமோ, கோயிலோ, பனம்பொருள் விற்கும் கூட்டுறவுச் சங்கமோ, யார் இணையத்தளம் செய்ய வந்தாலும் இப்போது மூன்று மொழியிலும் வேண்டும் என்கிறார்கள். நல்ல விசயம். தமிழ் எங்களுக்கு, சிங்களம் தெற்கில் இருந்து நயினாதீவுக்கும் நல்லூருக்கும் வருகிறவர்களுக்கு, ஆங்கிலம் மற்ற எல்லாருக்கும். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளை நினைத்து பிரெஞ்சும் ஜேர்மனும் கேட்கிறவர்களும் உண்டு. ஆனால் உடனே அடுத்த கேள்வி வந்துவிடும்: "நாங்கள் இங்கிலிசில எழுதித் தாறம், மிச்சத்தைப் பிளகின் பார்த்துக்கொள்ளும்தானே?"

பார்த்துக்கொள்ளாது. பிளகின் என்பது தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

இங்கே பெரும்பாலும் தளம் செய்யப் பாவிக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் பலமொழி வசதி இன்னும் உள்ளேயே வரவில்லை. குட்டன்பேர்க் என்ற அதன் மேம்பாட்டுத் திட்டத்தின் நான்காம் கட்டமாக அறிவித்திருக்கிறார்கள், அதுவரை பிளகின்தான் வழி. எந்தப் பிளகின் நன்றாக மொழிபெயர்க்கும் என்றுதான் எல்லாரும் தேடுகிறார்கள். என் கருத்தில் முதலில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. மொழிபெயர்ப்பு எங்கே சேமிக்கப்படுகிறது? பிழை இருந்தால் அதை யார், எப்படித் திருத்துவார்?

ஜிட்ரான்ஸ்லேட் என்ற பிளகினின் இலவசப் பதிப்பை எடுங்கள். ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம், மூலையில் மொழிப் பட்டியலும் வந்துவிடும். ஆனால் மொழிமாற்றம் நடப்பது பார்வையாளரின் பிரவுசரில். உங்கள் தளத்தில் தமிழ்ப் பக்கம் என்று ஒன்று உருவாவதே இல்லை, அதனால் தேடுபொறிக்கும் அது தெரியாது. பாரிஸ் லாச்சப்பலில் இருந்து ஒருவர் தமிழில் தேடினால் நீங்கள் அகப்படமாட்டீர்கள். திருத்தவும் வழியில்லை.

வெக்லொட் அப்படியல்ல. பக்கங்கள் தேடலில் வரும், திருத்தவும் முடியும், பாவிக்கவும் சுகம். ஆனால் மொழிபெயர்ப்புகள் இருப்பது அவர்களுடைய சேர்வரில். கட்டணம் சொற்கணக்கில், அதுவும் மொழிகளின் எண்ணிக்கையால் பெருக்கி. பத்தாயிரம் சொல் உள்ள தளத்தை இரண்டு மொழிக்கு மாற்றினால் இருபதாயிரம் சொல்லுக்குக் காசு. சந்தா நின்றால் அந்த மொழிப் பக்கங்களும் தளத்தில் இருந்து போய்விடும். ஐரோப்பாவில் இருப்பவருக்கு இது பெரிய விசயமில்லை. எங்களுக்கு? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அப்போது வெளிநாட்டுச் சந்தா கட்டிக்கொண்டிருந்த சின்னச் சங்கங்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, ஒரு தளத்தின் தமிழ்ப் பக்கங்கள் மாதாமாதம் அந்நியச் செலாவணியில் தங்கியிருப்பதை நான் யாருக்கும் சிபார்சு செய்யமாட்டேன்.

டபிள்யூபிஎம்எல்லும் காசுக்குத்தான், வருட உரிமம். ஆனால் உரிமம் முடிந்தால் புதுப்பிப்புகள்தான் நிற்கும், எழுதியது எல்லாம் உங்கள் தரவுத்தளத்திலேயே இருக்கும். பெரிய கடை, நிறையப் பொருட்கள், சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர் என்றால் அது சரியான தெரிவு. ட்ரான்ஸ்லேட்பிரஸ்ஸில் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வசனமாக மாற்றலாம். கணினி அதிகம் பழகாதவருக்குக் கற்றுக்கொடுப்பது லேசு. சேமிப்பும் உங்களிடம்தான். ஆனால் இலவசப் பதிப்பில் மேலதிகமாக ஒரு மொழிதான், எங்களுக்குத் தேவை இரண்டு. அத்துடன் அது மூல வசனத்தோடு மொழிபெயர்ப்பைக் கட்டி வைக்கிறது. மூலத்தைத் திருத்தினால் அந்த இடத்தில் மொழிபெயர்ப்பு கழன்றுவிடும், திரும்பவும் செய்ய வேண்டும்.

ஆகவே இங்குள்ள பெரும்பாலான சிறிய தளங்களுக்கு நான் சொல்வது பொலிலாங். இலவசப் பதிப்பிலேயே எத்தனை மொழியும் சேர்க்கலாம். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிப் பக்கம், அவற்றை ஒன்றோடு ஒன்று இணைப்பது மட்டும்தான் அதன் வேலை. "அது தானாக மொழிபெயர்க்காதே" என்று பலர் குறை சொல்கிறார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். தமிழ்ப் பக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் இருப்பது எல்லாம் தமிழில் இருக்கவேண்டும் என்றில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எந்த வீதி மூடப்படும் என்று ஊராருக்கு விளக்கத் தேவையில்லை, கொழும்பில் இருந்து வருகிறவருக்குத் தேவை. ஒரு சிரமம் உண்டு: குறிகட்டுவான் படகு நேரம் மாறினால் மூன்று பக்கத்திலும் மாற்ற வேண்டும். நேரம், விலை, தொலைபேசி எண் போன்றவற்றைப் பக்க உரைக்குள் எழுதாமல் தனிப் புலமாக (custom field) வைத்து, ஒத்திசைவு அமைப்பை இயக்கிவிட்டால் ஓரிடத்தில் மாற்றியது மற்ற மொழிகளுக்கும் போகும்.

இயந்திர மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூகிளில் தமிழ் 2011இல் வந்தது, சிங்களம் 2014இல். அப்போது இருந்ததற்கும் இப்போதைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் வரைவுக்கு எடுங்கள். ஆனால் ஆள் வாசிக்காமல் வெளியே விடாதீர்கள். முற்பணம் திருப்பித் தரப்படுமா, தரப்படாதா என்ற வசனத்தில் தலைகீழாகப் போனால் சண்டை பிடிக்க வரப்போவது உங்கள் வாசலுக்குத்தான்.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. இன்றைக்கும் ஒரு பெயர்ப்பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் நாங்கள் படம் எடுத்துப் போடுகிறோம். போடத்தான் வேண்டும். அதே நாங்கள் எங்கள் தளத்தில் யாரும் வாசித்துப் பார்க்காத சிங்களத்தை ஏற்றிவிட்டு மூன்று மொழித் தளம் என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. சிங்களம் வாசிக்கிறவருக்கும் அதே மானம் உண்டு. சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவருக்குக் காசு கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிளகினுக்கு ஒதுக்கிய காசே அதற்குப் போதும்.

இன்னும் சில சின்ன விசயங்கள். பிரவுசர் மொழியைப் பார்த்துத் தானாகப் பக்கம் மாற்றும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். தமிழ் மட்டும் வாசிக்கிற அம்மாவின் கைபேசியும் இங்கே ஆங்கிலத்தில்தான் இருக்கும், அவரை நேரே ஆங்கிலப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். மொழிக்குக் கொடி வைக்காதீர்கள், இலங்கைத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒரே கொடிதான் வரும். மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே போடுங்கள். பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாம், ஆனால் சுருக்கமாக. வேர்ட்பிரஸ் அதற்கு 200 எழுத்திடம்தான் தருகிறது. உயிர்மெய்யில் எழுத்தும் குறியும் தனித்தனியாக எண்ணப்பட்டு, ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது எழுத்திடமாக விரியும். "யாழ்ப்பாணம்" என்ற ஒரு சொல்லே 99ஐ எடுத்துவிடும். நீளத் தலைப்பை அப்படியே விட்டால் முகவரி நடுவில் வெட்டுப்படும்.

பழைய உள்ளடக்கம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் முதல் வேலை அதை, இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்றுவது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எந்தப் பிளகினும் அதை வாசிக்காது, எந்தத் தேடலும் கண்டுபிடிக்காது.

கியூட்ரான்ஸ்லேட் என்ற பழைய பலமொழிப் பிளகின் ஓடுகிற தளம் யாரிடமாவது இன்னும் இருந்தால், இதை வாசித்த கையோடு அதை நிறுத்திவிடாதீர்கள். அது எல்லா மொழியையும் ஒரே பதிவுக்குள் குறியிட்டு வைத்திருக்கிறது, நிறுத்தினால் மூன்று மொழியும் ஒன்றாகக் கலந்து வாசகருக்குத் தெரியும். முதலில் தரவுத்தளத்தை முழுதாகப் பிரதி எடுங்கள். அந்தப் பிரதியில் மாற்றிப் பார்த்து, எல்லாம் சரி என்றால் மட்டும் உண்மையான தளத்தில் கை வையுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.