எடைக்குப் போன கட்டுகளும் எங்கள் வீட்டுச் சரமகவியும்

ஞாயிற்றுக்கிழமை இங்கே காரைக்குடியில் பழைய பத்திரிகைக் கட்டுகளை எடைக்குப் போட்டதைப் பலரும் படத்தோடு பகிர்ந்துவிட்டீர்கள். போட்டதைவிட, அதற்கு மேடையில் சொன்ன காரணம்தான் எனக்கு ஆறவில்லை. பாதிப் பக்கம் வெறும் பாட்டுதானாம். அந்த வெறும் பாட்டில்தான் அன்றைய மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

எங்கள் ஐயாவின் (அப்பாவின் அப்பா) பேரேட்டுக்குள் ஒரு பத்திரிகை நறுக்கு இருக்கிறது. 1931இல் ரங்கூனில் இறந்துபோன அவருடைய தகப்பனாருக்கு யாரோ எழுதிய சரமகவி, அதாவது இரங்கற்பா; எட்டு விருத்தங்கள். தாள் பழுப்பேறி, ஐந்தாம் பாட்டைப் பூச்சி அரித்திருக்கிறது. கடை விலாசம், பங்காளிகள் பெயர், செய்த திருப்பணி எல்லாம் வருகின்றன. ஏழாம் பாட்டில் "பெண்மக்கள் இருவர் தேம்ப" என்று ஒரு வரி. நாங்கள் அறிந்தது ஒரு பெண்ணைத்தான். அப்பத்தாவிடம் கேட்டேன். சின்னவள் அதே வருடம் அம்மை கண்டு போய்விட்டதாகத் தன் மாமியார் ஒரே ஒரு முறை சொன்னாராம். எங்கள் நகரத்தார் கோயில்களில் மணமானவர்களைக் குடும்பமாக எண்ணும் புள்ளிக் கணக்கில் மணமாகாத பிள்ளைகள் ஏறுவதில்லை. அந்தக் குழந்தை உலகத்தில் இருந்ததற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. அழுதுநின்ற மனைவியோ எட்டுப் பாட்டிலும் 'இல்லாள்' மட்டுமே, பெயர் இல்லை. அதுவும் அந்தக் காலத்தைப் பற்றிய சேதிதான்.

1930இல் நெல் விலை சரிந்து, எங்கள் செட்டியார்கள் கொடுத்த கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 6 சதவீதத்திலிருந்து 1937க்குள் 25 சதவீதமானதை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர் திரும்பாத வீட்டில் என்ன நடந்தது என்பதை அவை சொல்வதில்லை.

சரமகவி காசு கொடுத்து எழுதி வாங்கியது, அதில் செத்தவரெல்லாம் கர்ணன் என்பார்கள். இருக்கட்டும். எதைச் சொன்னால் பெருமை என்று ஊர் நினைத்ததோ, அதைச் சொல்லித்தானே புகழ்ந்திருப்பார்கள்? இந்தப் பாட்டுகளில் தளை தட்டுகிறது, யாப்பு பிசகுகிறது என்று சிரித்தவருக்குச் சொல்கிறேன்: தளை தட்டினால் துக்கம் பொய்யாகிவிடாது. எங்கள் வீட்டுத் துக்கத்தைப் பார்த்து அவர் சிரித்தது போலத்தான் எனக்கு இருந்தது.

எல்லாம் கணினியில் ஏறிவிட்டது, தாள் எதற்கு என்பவர்கள், கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பார்க்கட்டும். நூலும் இதழுமாக ஏறத்தாழ 1,00,000 சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது; 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. முதலில் இங்கே ஒருவர் தாளைத் தாளாகக் காப்பாற்றியதால்தான் அது நடந்தது. 1920இல் 'தனவைசிய ஊழியன்' இதழ் அச்சான காரைக்குடியில், அச்சுத்தாளின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேற்று அந்தப் பழைய பேப்பர் கடையைத் தேடிப் போனேன். "லாரி நேத்தே போயிருச்சு ஆச்சி" என்று வருத்தத்தோடு சொன்ன கடைக்காரர், தராசுக்கு அடியில் கிடந்த கிழிந்த தாள் ஒன்றை எடுத்துத் தந்தார். ஒரு வெண்பாவின் கடைசி இரண்டு அடிகள் மட்டும் அதில் இருக்கின்றன. யாருக்காகப் பாடியது என்பது கிழிந்துபோன பாதியில் போய்விட்டது.