மூன்றாண்டு வாசமும் ஒரு கவுண்டி ஃபேரும்

மே மாதம் பிறந்துவிட்டாலே அமெரிக்காவில் வசிக்கும் நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கோடைப் பயணத் திட்டங்கள் களைகட்டத் தொடங்கிவிடுகின்றன. யெல்லோஸ்டோன், நயாகரா, ஓர்லாண்டோ, நடுவில் ஒரு பிட்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் தரிசனம். இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை, நாங்களும் போய்வந்தவர்கள்தாம். ஆனால் அயோவா போன்ற மாநிலங்களின் சிற்றூர்களில் வாழும் நம்மவர்கள், ஜூலையில் தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடக்கும் கவுண்டி ஃபேரை, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியான கவுண்டியின் வேளாண் கண்காட்சியை, எட்டிக்கூடப் பார்க்காமல் கோடையைக் கழித்துவிடுவது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

நம்மில் பலர் இவ்வூர்களுக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்லர். ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் மருத்துவ மேற்பயிற்சி முடித்தவர்கள், இரண்டாண்டுகள் தாய்நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்குப் பெற, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டுகள் பணியாற்ற வேண்டும். கான்ராட் 30 எனப்படும் இத்திட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடங்கள் உண்டு. என் மனைவி இந்த ஊர் மருத்துவமனைக்கு வந்தது அப்படித்தான். மூன்றாண்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, டாலஸுக்கோ சிகாகோவுக்கோ போய் வாழ்க்கையைத் தொடங்கலாம் என்ற மனநிலையில் வார இறுதிகளையெல்லாம் நெடுஞ்சாலையிலேயே கழிக்கும் குடும்பங்களை நான் அறிவேன். பிள்ளைகளுக்கோ அந்த மூன்றாண்டு என்பது பால்யத்தின் கணிசமான பங்கு.

அயோவாவில் 99 கவுண்டிகள் உள்ளன. கோடையில் அவற்றில் நடக்கும் ஃபேர்களை ராட்டினமும் வறுத்த தின்பண்டமும் உள்ள பொருட்காட்சிகள் என்று நினைப்பவர்கள் அவற்றின் வாசலோடு திரும்பியவர்கள். உள்ளே கொட்டகைகளில் நடப்பதுதான் விஷயம். ஃபோர்-எச் என்ற சிறுவர், இளைஞர் அமைப்பில் சேர்ந்த பிள்ளைகள் மாதக்கணக்கில் தாங்களே தீனி போட்டு வளர்த்த கிடாரியையும் பன்றியையும் ஆட்டையும் கொண்டுவந்து நடுவர் முன் நிறுத்துகிறார்கள். எங்கள் மகள் கொண்டுபோனது முயல். அதை மேசைமேல் மல்லாத்திப் பிடித்து, உதட்டை விலக்கிப் பல்வரிசையைக் காட்டி, நகங்களையும் காதுகளையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்துக் காட்ட வேண்டும். அதற்கிடையே அந்த இனம் எது, என்ன தீனி, நோய் கண்டால் எப்படித் தெரியும் என்று நடுவர் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். மேடைப்பேச்சு வகுப்பில் கற்றுக்கொள்ள முடியாத நிதானத்தை, நழுவப் பார்க்கும் ஒரு முயல் கற்றுக்கொடுத்துவிட்டது.

பரிசளிக்கும் முறை என்னை இன்னும் யோசிக்க வைத்தது. டேனிஷ் முறை என்கிறார்கள். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாமல், வகுத்துவைத்த தரத்தோடு ஒப்பிட்டு நீலம், சிவப்பு, வெள்ளை என ரிப்பன் தருகிறார்கள். தகுதி இருந்தால் பத்துப் பேருக்கும் நீல ரிப்பன் கிடைக்கலாம். எவற்றை மாநில ஃபேருக்கு அனுப்புவது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. 'முதல் ரேங்க் யார்?' என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது செரிக்கச் சற்று நாளாகும். கடைசியில் நடக்கும் கால்நடை ஏலமும் அப்படித்தான். உள்ளூர் வங்கியும் விதைக்கடையும் தானியக் கூட்டுறவுச் சங்கமும் சந்தை விலைக்கு மேலே கேட்டு வாங்குகின்றன. அந்தப் பணம் பிள்ளையின் கல்லூரிச் செலவுக்குச் சேர்கிறது. வாங்குபவருக்கு அது நஷ்டக் கணக்கு அல்ல, ஏனென்றால் ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் கிராமத்து மனிதர்களின் இயல்பான நற்குணம் என்று உருகிப் போற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. இது திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஏற்பாடு. 1862-இல் வந்த மோரில் சட்டம் மாநிலந்தோறும் வேளாண் கல்லூரிகள் எழ வழி செய்தது. அங்கே கண்டறிந்த புதிய முறைகளைப் பெரியவர்கள் எளிதில் ஏற்காதபோது, பிள்ளைகள் வழியாக அவற்றை வயலுக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனை பிறந்தது. 1902-இல் ஒஹாயோவின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரகாம் என்ற பள்ளி அலுவலர் தொடங்கிய சிறுவர் மன்றத்தை ஃபோர்-எச்சின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம், இத்தகைய புதிய முறைகளை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வேளாண் விரிவாக்கப் பணிக்கு அரசு நிதியை உறுதிசெய்தது. ஆக, இந்த ஊர்ப் பாசத்துக்குப் பின்னால் வரிப்பணமும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட நிர்வாகமும் இருக்கின்றன. அந்த வரியில் நம் பங்கும் உண்டு என்பதை நினைவில் கொள்வது நல்லது.

இங்கே உறவு என்பது சேர்ந்து செய்யும் வேலையில்தான் உருவாகிறது. கடையில் புன்னகைப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் புன்னகைத்துக்கொண்டே இருப்பார்கள்; வீட்டுக்குள் அழைக்க மாட்டார்கள். ஆனால் தன்னார்வத் தீயணைப்புப் படையின் பேன்கேக் காலை உணவுக்கு மாவு கரைக்கப் போனால், அடுத்த வாரமே பனிக்காலத்தில் நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்குமா என்று விசாரிப்பார்கள். 1973-இல் தொடங்கி, இப்போது ஜூலையில் மிசௌரி ஆற்றிலிருந்து மிசிசிப்பி ஆறுவரை அயோவாவைக் குறுக்கே கடக்கும் ராக்பிராய் சைக்கிள் பயணம் ஊர் வழியே வரும்போது, தேவாலயங்கள் 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டத்தைச் சுட்டு விற்கும், வீடுகள் புல்வெளியைக் கூடாரத்துக்கு விட்டுக்கொடுக்கும். அன்று தண்ணீர்ப் பந்தலில் நின்றவரை ஊர் மறப்பதில்லை.

குறைகளும் உண்டு. சைவ உணவுக்காரர்களுக்குச் சுட்ட மக்காச்சோளத்தை விட்டால் நாதியில்லை. உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் கையோடு எடுத்துப் போவது உத்தமம். அதைவிடப் பெரிய குறை, மருத்துவர் குடும்பத்துக்குக் கிடைக்கும் வரவேற்பு இறைச்சி ஆலைத் தொழிலாளி குடும்பத்துக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை என்பது. 2008 மே மாதம் போஸ்ட்வில் என்ற சிற்றூரின் இறைச்சி ஆலையில் குடியேற்றத் துறை நடத்திய சோதனையில் 389 பேர் கைதானார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்கள். அவர்களை அடைத்துவைத்து வழக்கு நடத்திய இடம் வாட்டர்லூ நகரின் கால்நடைக் கண்காட்சி மைதானம். ஃபேரின் கொட்டகையில் நமக்குக் கிடைக்கும் இடத்தில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு. அதை மறந்துவிட்டு 'இவ்வூர் மக்கள் எல்லாரையும் அணைத்துக்கொள்கிறார்கள்' என்று எழுதுவது நேர்மையாகாது. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளையும் ஃபோர்-எச் மன்றக் கூட்டத்துக்கு நம் வண்டியில் ஏற்றிப்போவது நம்மால் முடிகிற காரியம்தான்.

அயோவாவில் நான்காம் வகுப்பிலிருந்து ஃபோர்-எச்சில் சேரலாம். அதற்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கிளோவர் கிட்ஸ் என்ற பிரிவு இருக்கிறது. கவுண்டி விரிவாக்க அலுவலகத்தில் கேட்டால் அருகிலுள்ள மன்றத்தைச் சொல்வார்கள். பண்ணை இல்லையே என்று தயங்க வேண்டாம். சமையல், தையல், புகைப்படம் என்று மற்றப் பிரிவுகளும் உண்டு. பிராணி வளர்க்க விரும்பினால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: அவற்றில் பெரும்பாலானவற்றைப் பதிவு செய்யும் கெடு மே மாத நடுவிலேயே, பயணச்சீட்டு தேடும் பரபரப்பில் நாம் இருக்கும்போதே, முடிந்துவிடும்.